பேய்ப்படத்தில் முதல் துணை வேடம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மேடைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரிப் பக்கம் ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன். மேடை, தெருநாடகம், பள்ளிகளில் பயிற்சிப் பட்டறை என்று ஓடிக்கொண்டிருந்தது. சினிமாவில் இதுவரை கூட்டத்தில் ஒரு ஆளாக நின்றதோடு சரி. இப்போது ஒரு புது இயக்குநரின் பேய்ப்படத்தில் நாயகனின் அண்ணி வேடம் வந்திருக்கிறது. வசனம் அதிகம் இல்லை. ஆனால் இடைவேளை வரை இருக்கிறேன், அங்கே செத்துப்போகிறேன்.

கதை சொன்னபோது என் பங்கு இப்படி: ராத்திரி அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து போவது, மேலே விட்டத்தைப் பார்த்து உறைந்து நிற்பது, ஒரு சீனில் பேய் எனக்குள் இறங்குவது, ரோப்பில் தூக்கிச் சுவரில் அடிப்பது, அப்புறம் நடுவீட்டில் பிணமாகக் கிடப்பது.

மேடையில் எதிரே ஒரு ஆள் நிற்பார், அவர் கண்ணைப் பார்த்து நடிப்பேன். இங்கே எதிரில் ஒன்றுமே இருக்காது என்கிறார்கள். வெறும் காற்றைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? கண்ணுக்கு வெள்ளை லென்ஸ், முகத்துக்கு ரப்பர் மேக்கப் எல்லாம் உண்டாம், அது எப்படி இருக்கும்? ஒருமுறை பேய்ப்படத்தில் நடித்தால் அப்புறம் அதற்கே கூப்பிடுவார்கள் என்று குழுவில் சிலர் பயமுறுத்துகிறார்கள். பிணமாக நடிப்பது அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டேன், பின்வாங்கப் போவதில்லை. தயாராகப் போக வேண்டும், அவ்வளவுதான். திகில், த்ரில்லர் படங்களில் சின்ன வேடம் செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கோடம்பாக்கத்தான்:

வாழ்த்துகள்மா. முதலில் வசனம் கம்மி என்று நினைக்காதீர்கள். பேய்ப்படத்தில் துணை நடிகருக்கு வசனம் குறையக் குறைய வேலை கூடும். நான் வாட்ச்மேன், பங்களா சமையல்காரர், மந்திரவாதியின் சிஷ்யன், ஏட்டு, நாயகியின் அப்பா என்று நிறையச் செய்திருக்கிறேன், பெரும்பாலும் பாதிப் படத்தில் சாகிறவன்தான். இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. பேய் திரையில் தெரிகிற நேரத்தை எல்லாம் கூட்டினால் சில நிமிடங்கள்கூடத் தேறாது. மற்ற நேரம் முழுக்க அது அங்கே இருக்கிறது என்று ஜனங்களை நம்பவைப்பது பயப்படுகிறவர் முகம். நாயகனால் அதை முழுசாகச் செய்ய முடியாது, அவர் கடைசியில் எதிர்த்து நிற்க வேண்டியவர். அதனால் அந்தப் பயத்தின் பாரம் அண்ணி, அம்மா, வேலையாள், பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

இதற்கு எனக்குத் தெரிந்து வெரோனிகா கார்ட்ரைட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. குழந்தையாக இருந்தபோதே ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நாயகனின் தங்கையாக வந்தவர். 1979-இல் வந்த 'ஏலியன்', விண்கலத்துக்குள் ஒரு வேற்றுக்கிரக ஜந்து புகுந்து ஆட்களைக் கொல்லும் படம், அதை எடுக்கும்போது கதாநாயகி ரிப்ளி வேடம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்திருக்கிறார். உடை அளவு எடுக்கப் போன இடத்தில்தான் லாம்பர்ட் என்ற துணை வேடம் அவருக்கு என்று தெரிந்தது. லாம்பர்ட் படம் முழுக்க அழுகிறாள், நடுங்குகிறாள், அவருக்கு அது பிடிக்கவில்லை. பார்க்கிறவர்களின் பயம் எல்லாம் லாம்பர்ட் வழியாகத்தான் வெளியே வரும் என்று எடுத்துச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ரிப்ளி யோசித்துக்கொண்டிருக்கும்போது நமக்காகப் பயப்படுவது லாம்பர்ட். அதற்கு அவருக்குத் துணை நடிகைக்கான சாட்டர்ன் விருதும் கிடைத்தது. உங்கள் அண்ணி வேடத்தையும் அப்படி நினைத்துக்கொண்டு போங்கள்.

சரி, காற்றைப் பார்த்து நடிப்பது. அங்கே போனால் கேமராமேனோ அசோசியேட்டோ உங்களுக்கு 'லுக்' கொடுப்பார்கள், அதாவது எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். 'கேமரா லெஃப்ட், கொஞ்சம் மேலே' என்பார்கள். ஏணி மேல் ஒரு உதவி இயக்குநர் நின்று ஒரு குச்சியையோ தெர்மோகோல் துண்டையோ பிடித்திருப்பார். அதை மட்டும் பார்த்தால் கண் ஒரே புள்ளியில் குத்தி நிற்கும், பொய்யாகத் தெரியும். நான் என்ன செய்வேன் என்றால், அந்த உருவத்துக்கு ஒரு உயரம், ஒரு முகம், இரண்டு கை வைத்துக்கொள்வேன். முதலில் கால் தெரிகிறது, அப்புறம் கை, கடைசியில்தான் முகம். கண் அந்த வரிசையில் ஏற வேண்டும். நடுவில் ஒருமுறை நம்ப முடியாமல் கீழே வந்துவிட்டுத் திரும்ப ஏறலாம். அந்தச் சின்ன அசைவு க்ளோஸ் ஷாட்டில் அப்படியே தெரியும். அப்புறம் வாய். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பயம் என்றால் வாயைத் திறப்பார்கள். நிஜமாகப் பயந்தவருக்கு முதலில் மூச்சுதான் நிற்கும். மூச்சை நிறுத்துங்கள், தோள் தானாக ஏறும், மற்றதை முகம் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, மேடைக்காரர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். சினிமாவில் வரிசையாக எடுக்க மாட்டார்கள். பங்களா செட்டில் உள்ள சீன் எல்லாம் ஒரேயடியாக ஓடும். காலையில் பிணமாகக் கிடப்பீர்கள், மதியம் முதல்முறையாகச் சத்தம் கேட்பீர்கள். ஆகவே உங்கள் சீன் பேப்பரில் ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்தில் பயத்துக்கு ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள். அடுக்களைச் சத்தம் இரண்டு, விட்டம் ஐந்து, ரோப் பத்து, இப்படி. ஸ்பாட்டில் 'இன்னும் இன்னும்' என்று கேட்பார்கள். அடுக்களையிலேயே எட்டுக்குப் போய்விட்டால் பின்னால் கொடுக்க ஒன்றும் இருக்காது. இயக்குநரிடம் போய் 'சார், இது இரண்டில் இருக்கட்டுமா?' என்று கேளுங்கள். நல்ல இயக்குநர் அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்.

ரப்பர்_முகம்:

மேக்கப் துறையில் உதவியாளராக இருக்கிறேன், லென்ஸ், ப்ராஸ்தெடிக் என்கிற ரப்பர் மேக்கப் பற்றி நான் சொல்கிறேன்.

முழுக் கண்ணையும் மூடுகிற வெள்ளை லென்ஸ் பெரிது, சாதாரண கான்டாக்ட் லென்ஸ் மாதிரி நினைக்க வேண்டாம். சில வகைகளில் நடுவில் பார்க்கச் சின்ன ஓட்டைதான் இருக்கும், சிலவற்றில் எல்லாமே மங்கல். லென்ஸ் போட்டதும் பக்கவாட்டுப் பார்வை போய்விடும், தரையில் கிடக்கும் கேபிள் தெரியாது. யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும், அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் கண்ணுக்கு முன்கூட்டியே அளவு பார்க்கச் சொல்லுங்கள், கண் சிகிச்சை தெரிந்தவர்தான் போட்டுவிட வேண்டும், இன்னொருவர் கண்ணில் இருந்து எடுத்த லென்ஸை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். ஷாட் முடிந்து லைட்டிங் மாற்றுகிறார்கள் என்றால் உடனே கழற்றச் சொல்லுங்கள். 'அஞ்சு நிமிஷம்தான், இருக்கட்டும்' என்பார்கள். ஷூட்டிங்கில் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளும் என்று போனால் தெரியும். ஸ்மோக் போடும் சீனில் எரிச்சல் இரட்டிப்பாகும்.

ரப்பர் மேக்கப் என்றால் தலையை முதலில் அச்சு எடுப்பார்கள். முகம் முழுக்க பிசின் மாதிரி ஒன்றைப் பூசி, மேலே கட்டுத்துணி ஒட்டி, மூக்குத் துளை மட்டும் விட்டு உட்காரவைப்பார்கள். காது அடைத்துவிடும், கண் திறக்க முடியாது, உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். மூடிய இடம் என்றால் பயம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கையில் ஒரு பேனாவும் பேப்பரும் வைத்துக்கொண்டால் ஏதாவது வேண்டும் என்றால் எழுதிக் காட்டலாம். ஷூட்டிங் அன்று ஒட்ட மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி ஷூட்டிங் என்றால் மத்தியானமே வரச் சொல்வார்கள். பேக்கப் ஆனதும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், நீங்கள் மட்டும் எங்களோடு உட்கார்ந்திருப்பீர்கள். தயவுசெய்து நீங்களாகப் பிய்க்காதீர்கள்! ஓரத்தில் பிரஷ்ஷால் எண்ணெய் விட்டு விட்டு, பசை இளகி விளிம்பு தானாகத் தூக்கும்போதுதான் உரிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரே இழுப்பாக இழுத்து, புருவத்தோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்னாடியே அந்தப் பசையை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சிவந்தால் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் பெரும்பாலும் இனிப்புப் பாகில் நிறம் கலந்ததுதான். அவுட்டோரில் எறும்பு வரும். காய்ந்தால் உடையோடு தோல் இழுக்கும், முடியில் பட்டால் ஒருவழியாகிவிடுவீர்கள். தலையில் ரத்தம் என்றால் முன்பே நன்றாகத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள், அலசும்போது சுலபம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மேக்கப்பை நாங்கள் போட்டுவிடலாம், உள்ளே இருக்கும் உடம்புதான் அதை நடக்கவைக்கிறது. 'ஏலியன்' படத்தில் அந்த ஜந்துவின் உடையை மாட்டியவர் பொலாஜி பதேஜோ, நைஜீரியாவைச் சேர்ந்த ஏழடிக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு இளைஞர், லண்டனில் ஒரு மதுக்கடையில் பார்த்துக் கூட்டிவந்தார்கள். அதற்கப்புறம் அவர் நடிக்கவே இல்லை. ஸ்பெயின்காரர் ஹாவியர் போட்டெட்டுக்கு மார்ஃபான் என்ற மரபுக் குறைபாடு, அதனால் கைகால் விரல்கள் எல்லாம் மிக நீளம். அதையே தன் பலமாக்கி 'ரெக்', 'மாமா' என்று வரிசையாகப் பயமுறுத்துகிறார். ஜப்பானில் 1998-இல் வந்த 'ரிங்' படத்தில் சடாகோ என்ற பேய் நடக்கும் நடை ஏன் அப்படி இருக்கிறது தெரியுமா? ரியே இனோ என்ற நடிகை பின்பக்கமாக நடந்தார், அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். நம்ம ஊரில் 'ராட்சசன்' படத்தின் கொலைகாரன் கிறிஸ்டோபர். அந்த முகத்துக்குள் இருந்த சரவணன் யார் என்றே படம் வந்தபோது முதலில் வெளியில் சொல்லவில்லை. ஊரே அந்த முகத்தைப் பற்றிப் பேசுகிறது, அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதையும் பொறுத்துக்கொண்டு நடிப்பதற்கு ஒரு மனசு வேண்டும், அந்த மனசுக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

நைட்ஷோ_ரசிகன்:

நான் நடிகன் இல்லை, பார்க்கிறவன். எனக்கு ஒரு கருத்து உண்டு. நடிகருக்கு எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டால் நிஜமான பயம் வராது. 'ஏலியன்' சாப்பாட்டு மேசைக் காட்சியில் நடிகர் ஜான் ஹர்ட்டின் நெஞ்சைப் பிளந்து அந்த ஜந்து வெளியே வரும் என்று மற்றவர்களுக்குத் தெரியும், ஆனால் அவ்வளவு ரத்தம் அடிக்கும் என்று தெரியாது. மேலே சொன்ன அதே வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் நேராக அடித்து அவர் பின்னால் சரிந்தே போனார். அந்த முகத்தை யாராலும் ஒத்திகை பார்த்துக் கொண்டுவர முடியாது. அதற்கு முந்தைய வருஷம் அவர் நடித்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தின் கடைசி ஷாட்டில் எதிரே வரும் டொனால்ட் சதர்லேண்ட் என்ன செய்யப் போகிறார் என்று அவரிடம் சொல்லவே இல்லை. பார்க்காதவர்களுக்காக முடிவை எழுதவில்லை. ஒரு சிறுமிக்குள் பேய் இறங்கும் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தை எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின் செட்டில் திடீரென்று துப்பாக்கியால் சுட்டு நடிகர்களைத் திடுக்கிடவைப்பார். ஒரு பாதிரியார் வேடத்தில் நிஜப் பாதிரியார் ஒருவரே நடித்தார், கடைசிக் காட்சியில் அவருக்கு அழுகை வரவில்லை என்று கன்னத்தில் அறைந்துவிட்டு உடனே கேமராவை ஓடவிட்டார். அந்தப் பாதிரியாரின் கை நடுங்குவது படத்தில் இருக்கிறது. பேய் இறங்கும் அறையைக் குளிர்சாதனம் வைத்து உறையவைத்ததால்தான் பேசும்போது வாயில் இருந்து புகை வருகிறது. இதெல்லாம் இல்லாவிட்டால் ஐம்பது வருஷம் கழித்தும் அந்தப் படத்தைப் பேசுவோமா?

கோடம்பாக்கத்தான்:

தம்பி, ரசிகராக நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் இந்தப் பெண் நாளைக்கு அந்த செட்டில் போய் நிற்கப் போகிறவர், அதனால் இதை நான் விட முடியாது.

அதே 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் அம்மாவாக நடித்த எலன் பர்ஸ்டினைக் கயிறு கட்டிப் பின்னால் இழுக்கும் ஷாட் ஒன்று உண்டு. கயிறு பிடிப்பவர் ரொம்ப வேகமாக இழுக்கிறார் என்று அவர் சொல்லியும், அடுத்த டேக்கில் இன்னும் பலமாக இழுபட்டார். முதுகெலும்பின் அடியில் அடி. படத்தில் நீங்கள் கேட்கும் அலறல் நிஜ வலி. அந்த வலி அதற்கப்புறமும் அவரை விடவில்லை. அவர் முன்னணி நடிகை, அவர் சொன்னதே எடுபடவில்லை என்றால் அண்ணி வேடத்துக்கு வந்த புதுப்பெண் சொன்னால் யார் கேட்பார்கள்? அறைவது, சுடுவது, சொல்லாமல் இழுப்பது எல்லாம் எப்போதும் சின்ன நடிகர் மேல்தான் முதலில் பரீட்சை செய்து பார்க்கப்படும்.

'ஏலியன்' விஷயம் வேறு. ஏதோ வெடித்து வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், கேமராவும் ஆட்களும் மழைக்கோட்டு போர்த்தி நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள். தெரியாதது அளவு மட்டும்தான், அதனால் யார் எலும்பும் முறியவில்லை. அங்கே கோடு எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இன்னும் சொல்கிறேன். 1960-இல் 'சைக்கோ'. துப்பறிகிறவராக மார்ட்டின் பால்சம் மாடிப்படியில் வெட்டுப்பட்டுப் பின்பக்கமாகவே இறங்கி விழுகிறார், எத்தனை முறை பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிற காட்சி. அவர் அந்தப் படியில் விழவே இல்லை. கேமராவை மட்டும் படியில் மேலிருந்து கீழே ஓட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பின்னால் திரையில் ஓடவிட்டு, முன்னால் ஒரு நாற்காலியில் பால்சமை உட்காரவைத்தார்கள். அவர் உட்கார்ந்தபடி கையை வீசிக் காற்றைப் பிடிக்கிறார், நிலை தடுமாறுகிறார், அவ்வளவுதான். பத்திரமாக நாற்காலியில் உட்கார்ந்த ஒரு துணை நடிகர் உலகத்தையே நடுங்கவைத்தார். நடிப்பு என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். ஜப்பானின் 'ஜூ-ஆன்' பேய்ப்படங்களில் மாடிப்படியில் தவழ்ந்து இறங்கும் நடிகை தகாகோ ஃபூஜியை எடுத்துக்கொள்ளுங்கள், அது உடம்பைக் கட்டுப்பாட்டோடு வைத்துச் செய்த வேலை. யாரும் அவரைத் திடுக்கிடவைத்து அதை வாங்கவில்லை.

நானே ஒரு படத்தில், பெயர் வேண்டாம், கிணற்றடி சீனில் தண்ணீருக்குள் இருந்து ஒரு கை என் காலைப் பிடிக்கும் என்பதைச் சொல்லாமல் எடுத்தார்கள். நான் துள்ளியதில் கல்விளிம்பில் தாடை இடித்தது. அந்த ஷாட்டில் என் முகமே இல்லை, துள்ளிய வேகத்தில் ஃபிரேமை விட்டு வெளியே போய்விட்டேன். திரும்ப எடுத்தார்கள், எல்லாம் தெரிந்து நடித்த இரண்டாவது டேக்தான் படத்தில் இருக்கிறது.

டப்பிங்_தியேட்டர்:

குரல் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் வருகிறேன். நான் டப்பிங் கலைஞர், பேய்ச் சிரிப்பு, மூச்சு, அலறல் எல்லாம் நிறையக் கொடுத்திருக்கிறேன்.

மேடைக்காரி, பேய் உங்களுக்குள் இறங்கும் சீனில் உங்கள் குரல் இருக்குமா, வேறு குரல் போடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு குரல் என்றாலும் ஸ்பாட்டில் நீங்கள் முழு வாயசைவோடு பேசினால்தான் எங்களால் ஒட்டவைக்க முடியும். பேய் பேசும்போது முகத்தை அசைக்காமல் முணுமுணுத்தால் மேலே போடும் குரல் மிதக்கும்.

'எக்ஸார்சிஸ்ட்' பற்றிச் சொன்னீர்கள், அந்தச் சிறுமி லிண்டா பிளேருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆனால் பேயின் குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட் புகைத்துத் தொண்டையைக் கரகரப்பாக்கி அந்தக் குரலைக் கொண்டுவந்தார். படம் வந்தபோது திரையில் அவர் பெயரே இல்லை, போராடித்தான் வாங்கினார். நம்ம பக்கத்திலும் இதே கதை. மலையாள 'மணிச்சித்ரதாழ்' படத்தில் நாகவல்லி பேசும் தமிழ்க் குரல் துர்கா என்ற டப்பிங் கலைஞருடையது, அது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. ஒரு பேயை ஒருவர் முகம் கொடுத்து, ஒருவர் உடம்பு கொடுத்து, ஒருவர் குரல் கொடுத்துச் செய்கிறோம், போஸ்டரில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

அலறல் பற்றி ஒரு வார்த்தை. ஒத்திகையில் அலறாதீர்கள். வைட் ஷாட்டிலும் முழுத் தொண்டை வேண்டாம், எப்படியும் தியேட்டரில் திரும்பக் கொடுக்கப் போகிறீர்கள். வயிற்றில் இருந்து எடுங்கள், கழுத்து நரம்பு புடைத்தால் தொண்டை போகிறது என்று அர்த்தம். டப்பிங்கில் அலறல்களைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள், அலறிவிட்டு வசனம் பேசினால் குரல் உடைந்திருக்கும். வெந்நீர் குடியுங்கள், மோர் அன்றைக்கு வேண்டாம்.

மேடைக்காரி:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. கோடம்பாக்கத்தான் அண்ணா, அந்த எண் போடும் வேலையை நேற்றே ஆரம்பித்துவிட்டேன். விட்டத்தைப் பார்ப்பதற்குக் கால், கை, முகம் என்று ஏறிப் பார்த்தேன், எங்கள் குழுவில் ஒருவர் மொபைலில் எடுத்துக் காட்டினார், நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். பிணமாக நடிப்பது பற்றி அம்மாவுக்கு என்ன சொல்வது? அப்புறம் இதே குழு அடுத்து ஒரு த்ரில்லர் எடுக்கப் போகிறார்களாம், அதில் சந்தேகத்துக்கு ஆளாகும் பக்கத்து வீட்டுப் பெண் வேடத்துக்கு என்னை யோசிப்பதாகச் சொன்னார்கள். கொலைகாரி நானா இல்லையா என்று இப்போது சொல்ல மாட்டார்களாம். தெரியாமல் எப்படி நடிப்பது?

அம்மா_வேடம்:

நான் பல வருஷமாக அம்மா, சித்தி, மாமியார் வேடங்கள் செய்கிறேன், பிணமாகவும் கிடந்திருக்கிறேன். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பிண ஷாட் முடிந்ததும் யூனிட்டில் விட்டுவிட மாட்டார்கள், எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள், திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். நான் வேலை செய்த இடங்களில் இதைச் செய்யாமல் விட்டதே இல்லை. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, மாலையும் நெற்றியில் காசுமாகக் கிடந்தவருக்கு எழுந்ததும் அது மனசுக்குத் தெம்பு. முடிந்தால் அம்மாவையே அன்றைக்கு ஸ்பாட்டுக்குக் கூட்டிப்போங்கள், பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பிணமாகக் கிடக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், வயிறு தெரியாத மாதிரி மேலோட்டமாக விடுங்கள். கண்ணை இறுக்கி மூடினால் இமை துடிக்கும், லேசாக மூட வேண்டும். உங்களைச் சுற்றி அழுகிறவர்கள் உங்கள் மேல் விழுந்து அழுவார்கள், அசையாமல் இருப்பதுதான் அந்தச் சீனில் உங்கள் நடிப்பு.

த்ரில்லர் வேடம் எனக்கு இன்னும் பிடிக்கும். கொலைகாரர் யார் என்று தெரியாமல் நடிப்பது ஒரு விதத்தில் நல்லதுதான், தெரிந்தால் நம்மை அறியாமல் கண்ணில் குறிப்புக் கொடுத்துவிடுவோம். உங்கள் பாத்திரத்துக்குக் கொலையைத் தவிர ஒரு சொந்த ரகசியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கடன் இருக்கிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் யாரிடமோ பேசுகிறாள், ஏதோ ஒன்று. போலீஸ் கேள்வி கேட்கும்போது அதை மறைக்க நடியுங்கள். பார்க்கிறவர் அதைக் கொலையின் பதற்றம் என்று எடுத்துக்கொள்வார். 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், பாட்டே இல்லாத படம். கொலை நடந்த வீட்டைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவரும் தன் கோணத்தில் சொல்கிறார்கள், ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வருகிறது, விசாரிக்கும் ஜாவர் சீதாராமன் குரலை உயர்த்தாமலே பிடியை இறுக்குகிறார். துணை நடிகர்களை வைத்தே ஒரு த்ரில்லரைத் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே நம்மிடம் சான்று இருக்கிறது.

பேய்ப்படத்துக்கே கூப்பிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தில் அளவுக்கு மீறி அன்பு காட்டும் பக்கத்து வீட்டுக் கிழவியாக வந்து ரூத் கார்டன் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார், அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். அதற்கப்புறம் நகைச்சுவைப் படங்களிலும் கலக்கினார். நம்ம 'காஞ்சனா'வில் கோவை சரளாவும் தேவதர்ஷினியும் பயந்து ஓடுவதற்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! பயத்தை ஒழுங்காக நடிக்கத் தெரிந்தவருக்கு எல்லா வேடமும் வரும்.

பெண்ணாக இருப்பதால் சிலவற்றைத் தனியாகச் சொல்கிறேன், இவற்றைக் கேட்க ஒருபோதும் தயங்காதே கண்ணு. இரவு ஷூட்டிங் என்றால் திரும்பிப்போக வண்டி உண்டா என்று மேனேஜரிடம் முதல் நாளே பேசிவிடு, விடியற்காலையில் ரோட்டில் நிற்கக் கூடாது. ஈரப் புடவை, ரத்தப் புடவை மாற்ற மூடிய இடம் வேண்டும், கேரவன் தராவிட்டாலும் ஒரு அறை கேள். ரோப்புக்கு உடம்பில் கட்டும் ஹார்னஸை உடைப் பகுதியில் இருக்கும் பெண் யாராவது கட்டிவிடட்டும், தொடையில் பட்டை அழுத்தும் இடத்தில் துணி மடித்து வைக்கச் சொல். மொத்தச் சம்பளம், எத்தனை நாள், தினப் பேட்டா, டப்பிங்குக்குத் தனியா சேர்த்தா, எல்லாம் எழுத்தில் வாங்கு. எனக்கு ஒரு படத்தில் பாதிக்கு மேல் வராமலே போயிற்று, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததால் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை.

கோடம்பாக்கத்தான்:

ரோப் பற்றி நான் முடித்துவிடுகிறேன். ஸ்டண்ட் மாஸ்டரிடமும் கயிறு பிடிக்கிற பையன்களிடமும் நேராகப் போய்ப் பேசு, எங்கே தூக்கி எங்கே விடுவார்கள் என்று ஒருமுறை கேமரா இல்லாமல் செய்து காட்டச் சொல். சுவரில் அடிக்கும் இடத்தில் மெத்தை ஒட்டியிருக்கிறார்களா என்று கையால் அழுத்திப் பார். லென்ஸும் மேக்கப்பும் போட்டிருந்தால் 'நிறுத்துங்கள்' என்று நீ கத்தினாலும் நடிப்பு என்றே நினைப்பார்கள், அதனால் ஒரு கைச்சைகை பேசி வைத்துக்கொள், முஷ்டியை மூடினால் இறக்க வேண்டும் என்பது போல. லைட்டிங் சரிசெய்யும் நேரம் முழுக்கத் தொங்கவிடுவார்கள், இறக்கச் சொல், டூப் ஆளை வைத்து லைட் பார்க்கட்டும். அன்றைக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதே, மதியம் ரோப் முடிந்த பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.